மாத்திரைக்கு அடங்கின காய்ச்சல்

சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆன்டிபயாட்டிக் போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, தினமும் ஓடுகிற ஆள் நான். வைரல் என்றார்கள், டைஃபாய்டாக இருக்கும் என்றார்கள். நெஞ்சுவலியே இல்லாதவனுக்கு இதயத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

கடைசியாகப் பார்த்த டாக்டர் முதலில் என் விரல்களைத்தான் பிடித்துப் பார்த்தார். நகத்துக்கு அடியில் சிராய் ஏறினது போல மெல்லிய பழுப்புக் கோடுகள். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "மாத்திரையை நிறுத்துங்க, இன்னைக்கே அட்மிட் ஆகுங்க" என்றார்.

வெவ்வேறு இடங்களில் மூன்று தடவை ரத்தம் எடுத்து கல்ச்சர் சீசாக்களில் விட்டார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால் அதில் வளர்ந்து காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் வளராமலே ஏமாற்றிவிடும். காரணம் தெரியாத காய்ச்சல் நீண்டுகொண்டே போனால், இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் கல்ச்சர் வேண்டாமா என்று கேளுங்கள். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

எனக்கு வளர்ந்தது வாயிலேயே குடியிருக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில் (மரப்புமருந்து அடித்தும் குமட்டல் நிற்கவில்லை) இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலான மகாதமனி வால்வில் ஒரு கட்டி ஆடிக்கொண்டிருந்தது. கிருமியும் உறைந்த ரத்தமும் சேர்ந்தது. இதய வால்வில் வருகிற இந்தத் தொற்றுக்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மூன்று இதழ் இருக்கவேண்டிய அந்த வால்வில் எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நூறில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம்.

கட்டிக்குள் மருந்து சுலபமாக இறங்காது. அதனால் வாரக்கணக்கில் நரம்பு வழியாகப் பெனிசிலின். இசைமேதை குஸ்தாவ் மாலருக்கும் இதே நோய்தான். கல்ச்சரில் கிருமியைக் கண்டுபிடித்தும் கொடுக்க மருந்தில்லாமல் 1911இல் இறந்துபோனார். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

பல் பிடுங்கும்போது வாய்க்கிருமி ரத்தத்தில் இறங்கலாம் என்பதால், இனி எனக்கு அதற்கு முன்கூட்டியே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் உண்டு. தம்பிக்கும் எக்கோ எடுத்தோம், அவனுக்கும் இரண்டு இதழ். தொற்று வந்ததில்லை என்பதால் அந்த முன்மருந்து அவனுக்கு வேண்டாம், பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். இப்போது காலையில் பாத்ரூமை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான்.