கெல்லி கோட்டைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பேராக்கில் பாதியில் நின்றுபோன பழைய மாளிகைதான் கெல்லி கோட்டை. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் கிளம்பினால் அங்கே போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாயில் இறங்குங்கள். கோப்பெங் சாலையைப் பிடித்துப் போனால் பத்து காஜாவுக்குப் பிரியும் சாலை வரும். அதில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையோரத்து மேட்டில் கோட்டை தெரியும். ரயிலில் வருகிறவர்கள் பத்து காஜாவில் இறங்கி வாடகைக் கார் எடுக்கலாம். ஆனால் திரும்பிப் போகவும் அதே ஓட்டுநரிடம் அப்போதே நேரம் பேசிவைத்துவிட வேண்டும். அந்தச் சாலையில் நின்றுகொண்டு கைப்பேசியில் கார் தேடினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளோடு வெயிலில் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

பள்ளி விடுமுறை வந்தால் பேராக்கில் உள்ள நம் குடும்பங்களில் பாதிப் பேராவது இங்கே வந்துவிடுகிறார்கள். கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம், மொட்டை மாடியில் ஒரு படம், அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் விட்டுப்போவது இந்த மாளிகையைக் கட்டிய நம் ஆட்களின் கைவேலை. சுவர் சுவராக அது அங்கே திறந்து கிடக்கிறது. அதனால் இரண்டரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

முதலில் கோட்டைக்குள் போகாதீர்கள். அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போய்விட்டு வாருங்கள். காலைப் பூசை முடிந்து நடை சாத்துவதற்குள் போனால் அம்மனையும் கும்பிட்டுக்கொள்ளலாம். கும்பிட்ட பிறகு வெளியே வந்து நின்று, கோயிலின் மேலே உள்ள சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள். தெய்வங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாமல் அவர்களையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள். கண்டுபிடித்ததும் “இவரு ஏன்ப்பா சாமியோட நிக்கிறாரு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு கோட்டைக்குள் நுழைகிற பிள்ளை ஒவ்வொரு அறையிலும் நின்று பார்க்கும்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை சுருக்கமானது. ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சாலை போடும் குத்தகையில் காசு சேர்த்து, காட்டை அழித்து ரப்பர் போட்டார். பிறந்த ஊரான கெல்லாஸின் பெயரையும் இந்த வட்டாரத்தின் பெயரான கிந்தாவையும் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். முதலில் கெல்லாஸ் ஹவுஸ் என்ற வீட்டைக் கட்டினார். மகன் பிறந்த 1915இல் அந்த வீட்டின் முன்பக்கத்தில் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. மதராஸிலிருந்து கொத்தனார்களும் வந்தார்கள். 1918இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இந்தத் தோட்டத்தையும் விடவில்லை, வேலையாட்கள் பலர் இறந்துபோனார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார். அந்த நன்றிக்காகத்தான் அவரை மேலே ஏற்றி நிறுத்தினார்கள். 1926இல் ஐரோப்பாவுக்குப் போன ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். அவர் மனைவி ஆக்னஸ் எல்லாவற்றையும் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கட்டடம் பாதியிலேயே நின்றது.

பாதியில் நின்றதுதான் நமக்கு வாய்ப்பு. முடிந்த மாளிகையாக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. இங்கே பூசிய சுவரும் பூசாத சுவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பூசாத வளைவு ஒன்றின் கீழே பிள்ளைகளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் படுக்கையாக வரிசை வரிசையாகப் போன செங்கல், வளைவுக்கு வந்ததும் நிமிர்ந்து, விசிறி மடிப்பைப் போல விரிந்து நிற்கும். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிப்பதால்தான் மேலே உள்ள பாரம் இருபுறமும் தூணுக்கு இறங்குகிறது. வளைவு முடிகிறவரை கீழே மரச்சாரம் தாங்கி நின்றிருக்கும். உச்சிக் கல் இறுகி, சாந்தும் காய்ந்த பிறகே சாரத்தைப் பிரிப்பார்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் வளைவு அப்படியே உட்கார்ந்துவிடும். இத்தனை வளைவுகளை வரிசை பிசகாமல் கட்டி நிறுத்தியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கட்டட வேலை செய்யும் மாமாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால் அவரை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைவிட நல்ல வழிகாட்டி இங்கே கிடைக்க மாட்டார்.

சுற்றிப் பார்க்கும் வரிசையும் முக்கியம். திறந்ததும் நுழைந்தால் நேரே மேலே ஏறிவிடுங்கள். மொட்டை மாடியில் நிழல் கிடையாது. பதினொரு மணிக்குமேல் தரை காய ஆரம்பித்துவிடும், படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். படிகள் குறுகல், சில இடங்களில் செங்குத்து. தள்ளுவண்டி உதவாது, கைக்குழந்தையைத் துணியில் கட்டியோ தோளில் போட்டோ தூக்குங்கள். ரப்பர் சிலிப்பர் வேண்டாம், மழை பெய்த மறுநாள் வழுக்கும். சன்னல் திறப்புகளும் மாடி விளிம்புகளும் சிறுபிள்ளைகள் எட்டிப் பார்க்கத் தோதாக இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்குப் பிரித்துக்கொண்டே ஏற வேண்டும். ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பிள்ளை கையை விட்டுப் போகிறது.

ஆறு மாடிக் கோபுரத்துக்குள் லிஃப்டுக்காக விட்ட வெற்றுக் கூண்டைப் பாருங்கள். லிஃப்டு கடைசிவரை வரவில்லை. பிறகு படுக்கையறைகளைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கலாம். சலவைத் துணி வைக்கும் அறை, சாராயம் வைக்கும் நிலவறை எல்லாம் உண்டு. பின்பக்கம் இடிந்து கிடப்பது பழைய கெல்லாஸ் ஹவுஸ். பலரும் முன்பக்கத்தோடு திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் இருக்காது, செங்கல் வேலையை நிதானமாகப் பார்க்கத் தோதான இடம்.

முட்டி வலி உள்ள பாட்டி, தாத்தாவுக்குக் கீழ்த்தளமே போதும். வளைவுத் தாழ்வாரத்தில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் நாலாபக்கத் திறப்பும் இருப்பதால் உச்சி வெயிலிலும் காற்று ஓடும். ஒரு மடக்கு நாற்காலியைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டையும் மறந்துவிட வேண்டாம். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அட்டை இருந்தால் வாசலில் பேச்சு நீளாது. சாப்பாட்டை உள்ளே பிரிக்காமல், முடித்துக்கொண்டு பத்து காஜாவிலோ கோப்பெங்கிலோ சாப்பிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறோம். காரில் வரும்போதே பேய்க் கதையை ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கோட்டைக்குப் பேய் வீடு என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கேட்டுவிட்டு வருகிற சிறுபிள்ளை நிலவறைப் பக்கம் கால் வைக்காது, இருட்டு மூலையைக் கண்டாலே அழும். காய்ச்சலில் செத்தவர்களும் இங்கே வேலை செய்து பிழைத்தவர்களும் நம் தாத்தா, பாட்டியின் தலைமுறை. பேயாக்கிப் பேசினால் அவர்கள் நினைவே காணாமல் போய்விடுகிறது.

தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய பெரியவர் வீட்டில் இருந்தால் இன்னொரு நாள் வடக்கே கோலகங்சாருக்குப் போகலாம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டு, பலகை வைத்திருக்கிறார்கள். வண்டியில் கடந்து போனால் கண்ணிலேயே படாது, இறங்கி நடக்க வேண்டும். பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஆனால் பெரியவரைப் பேசவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும், விடுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஏன் போனார்கள், வெயில் ஏறினால் பால் ஏன் சுருங்கும், பட்டையில் எவ்வளவு ஆழம் உளி போகலாம், அதற்குமேல் போய் மரம் காயம்பட்டால் கங்காணி என்ன சொல்வார், பால் பிடிக்கும் மங்கில் உறைந்த ஒட்டுப்பால் என்ன ஆகும், ஒருவர் சீவும் நிரைக்கு எத்தனை மரம் என்றெல்லாம் இந்த மரத்தடியில் சொன்னால் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அதே ஊரில் இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது. சுல்தான் இஸ்கந்தர் ஷாவுக்காக 1926இல் கட்டிய மர அரண்மனை, ஆணியே அடிக்காமல் பூட்டிக் கோத்தது. சுவர் முழுக்க மஞ்சள், கறுப்பு, வெள்ளையில் மூங்கில் பின்னல். உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். வெளியிலிருந்து பின்னலையும் மரப் பூட்டுகளையும் பார்ப்பதற்கே போகலாம். பக்கத்தில் 1917இல் முடிந்த உபுடியா பள்ளிவாசலும் உண்டு. அதற்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடுப்பு வேண்டும்.

பூங்கா என்றால் தைப்பிங் ஏரிப் பூங்காதான். ஈயம் தோண்டிய குழிகளில் தண்ணீர் நிரப்பி 1880இல் உண்டாக்கியது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. வயதான கிளைகள், பலத்த காற்று அடித்தால் அவற்றுக்குக் கீழே வண்டியையும் பாயையும் போடாதீர்கள். தீபகற்பத்தில் மழை மிக அதிகமாகப் பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். காலை ஏழரைக்கே போய், பசியாறக் கொண்டுபோனதை ஏரிக்கரையில் முடித்து, பதினொன்றுக்குள் நடையை முடித்துக்கொண்டால் மழைக்கு முன் பேராக் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். அது 1883இல் தொடங்கியது. வெளியே கொட்டினாலும் உள்ளே இரண்டு மணி நேரம் போவது தெரியாது.