போர் முடிந்து ஆறு மாதம்

பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லி மலர்க்குழுத் தம்பி மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். எழுத இருந்தால் பிரார்த்தனை மண்டபமும் வரவில்லை, அதிபரின் கந்தோரும் வரவில்லை. மைதானத்து வேலியோரம் நின்ற கிடுகுக் கொட்டில்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டிடம்: பொஸ்டனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நின்ற 20ஆம் இலக்கக் கட்டிடம். இரண்டும் 'தற்காலிகம்' என்று சொல்லிக் கட்டியவை.

எங்கள் கொட்டில் 'இந்தத் தவணைக்கு மட்டும்' போட்டது. நான் ஆறாம் வகுப்பில் அதற்குள் இருந்தேன், ஏ.எல். எடுத்து வெளிக்கிட்டபோதும் அது நின்றது. இடையில் கிடுகு மாற்றினதோடு சரி.

20ஆம் கட்டிடத்தின் கதை 1940இல் தொடங்குகிறது. ஆங்கிலேயர் மக்னெட்ரோன் என்ற, நுண்ணலைகளை உண்டாக்கும் சிறிய கருவியொன்றைக் கொண்டுபோய் அமெரிக்கருக்குக் காட்டினார்கள். அதை வைத்து ராடார் செய்ய எம்.ஐ.டி.யில் கதிர்வீச்சு ஆய்வுகூடம் என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்தப் பெயரே ஆளைப் பேய்க்காட்ட வைத்தது. வேலை பெருகி, கடைசியில் கிட்டத்தட்ட 4,000 பேர் வரை சேர்ந்துவிட்டார்கள். இருக்க இடமில்லை. 1943இல் டொன் விஸ்ரன் என்பவர் ஒரு பின்னேரத்துக்குள் படம் கீறிக் கொடுத்தாராம். உருக்கெல்லாம் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலம், ஆகவே மூன்று மாடியும் மரத்தில். ஏறத்தாழ 250,000 சதுர அடி. இவ்வளவு பெரிய மரக்கட்டிடம் நகரத்துத் தீத்தடுப்பு விதிக்கு ஒத்துவராது. போர் நடக்கும் மட்டும், அது முடிந்து ஆறு மாதம் மட்டும் என்ற நிபந்தனையில்தான் அனுமதி கிடைத்தது.

போர் 1945இல் முடிந்தது. கட்டிடத்தை இடித்தது 1998இல்.

போர் முடிய, திரும்பி வந்த படைவீரர் படிக்கவென்று குவிந்தார்கள். இடத்தட்டுப்பாட்டில் யார் இதை இடிப்பது? சொந்தக் கட்டிடம் கிடைக்காத துறைகளையும் ஆட்களையும் அதற்குள் கொண்டுபோய்த் தள்ளினார்கள். மொழியியல்காரருக்குப் பக்கத்தில் மின்னணுவியல், அதற்கு அங்கால் ஒலியியல், இன்னொரு பக்கம் விளையாட்டு ரயில் ஓட்டும் மாணவர் கழகம். இன்றைக்கு 'ஹக்கர்' என்கிறோமே, அந்தச் சொல்லைக் கணினி உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த ரயில் பொடியன்கள்தான். கடையில் வாங்கிய ஒலிபெருக்கி பிடிக்காமல், அங்கே இருந்த ஒலியியல் ஆய்வுகூடத்துக்குப் போய் நோண்டத் தொடங்கிய வங்காளத் தகப்பனின் மகன் அமர் போஸ், 1964இல் தன் பெயரிலேயே கம்பனி திறந்தார். மொழியியலாளர் நோம் சொம்ஸ்கிக்கும் அந்தப் பலகைக் கட்டிடத்துக்குள்தான் அறை.

எனக்குப் பிடித்த கதை ஜெரல்ட் சக்கரையாஸ் என்ற பௌதிகவியலாளருடையது. அணுக்கடிகாரம் செய்ய அவருக்கு மூன்று மாடி உயரத்துக்கு ஒரு உலோக உருளை தேவைப்பட்டது. இரண்டு மாடித் தளத்தையும் வெட்டி ஓட்டையாக்கிவிட்டு உள்ளே நிறுத்தினார். இடிக்கப்போகிற கட்டிடம்தானே!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பொறியியல் பட்டப்பின் படிப்புக்கு அங்கே போனபோது, எனக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருநாள் விளம்பரப் பலகையில் ஒரு துண்டு: தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் தேவை, மணித்தியாலத்துக்கு இவ்வளவு டொலர். காசுக்காகப் போனேன். உள்ளுக்கு இருட்டு நடைபாதை, காலுக்குக் கீழே பலகை கிறீச்சென்றது, தலைக்கு மேலே குழாயும் வயரும் திறந்தபடி ஓடின. அறையைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. வழி கேட்ட இரண்டு பேரில் ஒருவர் தன்னுடைய பரிசோதனையைக் காட்டாமல் விடவில்லை.

மொழியியல் மாணவி ஒருத்தி கொப்பியோடு இருந்தாள். 'கண்ணன் வருவதாகச் சொன்னான்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள்.

"கண்ணன் தான் வாறன் எண்டு சொன்னான்" என்றேன்.

"தான் வாறான்?"

"இல்லை, தான் வாறன்."

"ஆனால் 'வாறன்' என்றால் 'நான்' அல்லவா வரவேண்டும்? இங்கே 'நான்' இல்லையே?"

முப்பது வயதுக்குக் கிட்ட வந்தும் அப்படியொன்றை நான் கவனித்ததே இல்லை. அவள் எழுந்து சுவர்ப் பலகையில் சோக்கால் பெரிதாக எழுதினாள். கரும்பலகையில் அல்ல, சுவரில். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்து, உள்ளே வந்து, கதிரை இல்லாமல் நிலத்தில் இருந்துவிட்டார்கள். ஒரு மணித்தியால வேலை மூன்றானது. போகும்போது என் ஈர ஜக்கெற்றைக் காணவில்லை என்று தேடினேன். யாரோ ஒருவர் சுவரில் ஆணி அடித்து அதில் மாட்டியிருந்தார்!

அந்த ஆணியைப் பார்த்து நான் தனியச் சிரித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரி மண்டபச் சுவரில் கலண்டர் கொழுவ ஒரு ஆணி அடித்ததற்கு எனக்குக் கிடைத்த அடி ஆறு. "சுவரிலை கை வைச்சது ஆர்?" என்ற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் கொட்டிலின் பனை மரத் தூணில் எங்கள் பௌதிக மாஸ்டர் குடையைக் கொழுவுவார், நாங்கள் வயர் இழுத்து மோட்டார் ஓட்டுவோம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு நிலத்தைக் கிண்டித் தண்ணீர்ச் சக்கரமே வைத்தோம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

பலகை மாளிகையைத் தலையில் தூக்கிவைக்கவும் மாட்டேன். கோடையில் அவியும், குளிரில் பல்லுக் கிட்டும். அஸ்பெஸ்ரஸ் வேறு. அது போன இடத்தில் 2004இல் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்ராற்றா நிலையம் திறந்தார்கள். கோணலும் மாணலுமாக, மினுங்கிக்கொண்டு நிற்கும். பழைய கட்டிடத்தின் நினைவாக அதற்குள் பின்னால் வருபவர்களுக்கென்று மூடிவைத்த ஒரு காலப்பேழை இருக்கிறது, 2053இல் திறப்பார்களாம். புதிய கட்டிடம் மழைக்கு ஒழுகுகிறதென்று 2007இல் வழக்கும் போட்டார்கள். கிடுகுக் கொட்டிலும் ஒழுகும்தான், நாங்கள் வாளி வைத்தோம்.

கொட்டில் நின்ற இடத்தில் மூன்று மாடி எழுப்பச் சங்கம் நிதி சேர்க்கிறது. என் காசோலையை அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு துண்டு வைத்தேன்: மேல்மாடியில் ஒரேயொரு அறைக்கு ரைல்ஸ் பதிக்க வேண்டாம், பலகைச் சுவர் அடியுங்கள், மிச்சக் காசுக்கு ஆணியும் சுத்தியலும் வாங்கி வையுங்கள். பற்றுச்சீட்டு வந்தது. துண்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.