கோச்சி என்றே எழுதுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏழு வருடமாக ஒரு வேலை செய்கிறேன். என் நியமனக் கடிதத்தில் 'இலக்கியப் பணி இணைப்பாளர்' என்று இருந்தது. லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், 'பாட்டு மாஸ்டர்' என்கிறார்கள். உண்மையில் நான் பாட்டு எழுதுகிறவன் இல்லை. எழுதுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் உட்கார ஓர் இடம், கொஞ்சம் நேரம், கொப்பி, அச்சுச் செலவு, பஸ் காசு என்று தேடிக் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் நேரம் பற்றியதும் பஸ் பற்றியதும்தான். கவிதை பற்றி ஒரே ஒரு பாடம், அதையும் ஓர் அம்மாயிதான் சொல்லித் தந்தார்.

முதல் வருடம் ஒரு கவிதைப் போட்டி நடத்தினோம். டவுனில் மண்டபம், பதாகை, கேடயம், எல்லாம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தவர்கள் டவுன் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும். தோட்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. எப்படி வருவார்கள்? சனிக்கிழமையும் பெரட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம், உண்டு. மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. போதிய கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்துக்கு மேல் டவுனுக்கு வந்தால் திரும்பிப் போக பஸ் கிடையாது. இத்தனைக்கும் நானே லயத்தில் பிறந்தவன், இதெல்லாம் தெரிந்தவன். இருந்தும் மண்டபத்தைத்தான் முதலில் பிடித்தேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

அப்புறம் இடத்தை மாற்றினோம். தோட்டத்திலேயே வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கும். தலைவரிடமும் பிள்ளைக்காரம்மாவிடமும் கேட்டு சாவி வாங்கினோம். நேரம் மூன்று மணி. காலையில் என்றால் பீலியில் துணி துவைக்க வேண்டும், விறகுக்குப் போக வேண்டும். ஐந்து மணிக்கு மேல் என்றால் அடுப்பு. நடுவில் கிடைக்கிற அந்த இரண்டு மணித்தியாலம்தான் ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது. அதையும் எங்களுக்குத் தருகிறார்கள் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைத் திறப்பேன். சாயத்தண்ணி, ரொட்டி, பாயில் உட்கார்ந்து பேச்சு. முதல் மாதம் ஆறு பேர் வந்தார்கள். ஒரு வருடம் கழித்து இருபது பேர்.

அப்போது எங்களுக்குப் பணம் தந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு இருபது போதவில்லை. வந்தவர்களின் கையொப்பப் பட்டியலும் பதாகைக்கு முன் எடுத்த படமும் கேட்டார்கள். ஒரு பெண் தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் நேரத்தில் எழுந்து வரிசையாக நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் பணம் நின்றது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் மாதாமாதம் கொஞ்சம் அனுப்பினார்கள், இரண்டு ஆசிரியர்கள் போட்டோ கொப்பிச் செலவைப் பொறுப்பெடுத்தார்கள். இன்று வரை அப்படித்தான் ஓடுகிறது.

மலையகத்தில் இது புதிதாக வந்த வேலை அல்ல. 1931ல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யரோடு அவர் துணைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போனார். கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார், அவற்றைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுச் சனங்கள் கையில் கொடுத்தார். 1947ல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை கவிஞர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடிச் சேகரித்தவரும் அவரே. அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் சனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது, அதன் பின்னே வாக்குரிமையும் போனது. ஊர், நாடு, ஓட்டு எதுவும் கையில் இல்லாத காலத்தில் அவர்களிடம் பத்திரமாக இருந்தது பாட்டுத்தான். அதை எழுதி வைப்பதை ஓய்வு நேரப் பொழுதுபோக்காக என்னால் ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை.

காமன் எரிந்ததையும் ரதி புலம்பியதையும் ஆடிப் பாடுகிற காமன்கூத்தின் வாத்தியார் ஒருவரின் கொப்பியை இங்கே சொல்ல வேண்டும். எண்பது பக்கக் கொப்பி, மழை ஒழுகி ஓரமெல்லாம் கரைந்து, நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியில் காமன் தகனம் வரைக்கும் பாட வேண்டிய பாட்டெல்லாம் அதில்தான். அவருடைய தகப்பன் சொல்லச் சொல்ல எழுதியது. "மேடை வேணாம் மாஸ்டர். மேடையில இருவது நிமிசம் தர்றாங்க, ரதி பொலம்பத் தொடங்கவே அது போதாது. இந்தக் கொப்பியக் காப்பாத்திக் குடுங்க" என்றார். தாள் தாளாகப் பிரித்து, அடுப்படிச் சூட்டில் காயவைத்து, படியெடுத்து, மூன்று பிரதி கட்டினோம். தப்பு மேளத்துக்குத் தோல் மாற்றவும் கொஞ்சம் காசு சேர்த்தோம். ஒரு கூத்துக் குழுவுக்கு வெளியாள் ஒருவனால் செய்ய முடிந்த நல்ல காரியம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மீதியெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

சரி, அம்மாயியின் கதைக்கு வருகிறேன்.

எழுபது தாண்டியவர். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த விரல்கள், நுனியில் கறை இன்னும் போகவில்லை. ஒப்பாரிக்கு அந்த டிவிசனில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டபோது சரி என்றார். ஆனால் காம்பராவுக்குள் பாட மாட்டேன் என்றுவிட்டார். இழவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. பிள்ளைக்காம்பராவிலும் கூடவே கூடாது, குழந்தைகள் தூங்குகிற இடம். அதனால் லயத்துக்குக் கீழே, ரோட்டோரம் பாலத்துக் கட்டில் உட்கார்ந்தோம். படங்குச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தவர், வலது கையைக் காதோரம் வைத்தார். கண்ணை மூடவில்லை. எதிர் மலையையே பார்த்துக்கொண்டு பாடினார்.

அது செத்தவருக்கான பாட்டு அல்ல. அக்காவை அனுப்பிய பாட்டு. 1964ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இங்கே என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் அக்கா குடும்பம் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். இந்தியாவுக்குக் கப்பலேற அக்காவைத் தலைமன்னார் கோச்சியில் ஏற்றிவிட்ட அன்று ஸ்டேசன் முழுக்க ஒப்பாரிதான், யார் யாருக்கு அழுகிறார்கள் என்று தெரியவில்லை என்றார். அன்று வாயில் வந்ததைத்தான் இன்றைக்கும் பாடுகிறார்.

உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி அதைக் கேட்டு எழுதினாள். நல்ல பிள்ளை, அழகான கையெழுத்து. எழுதும்போதே மொழியைத் திருத்திவிட்டாள். "கோச்சி ஏறிப் போனவளே, என் கூடப் பொறந்தவளே" என்ற அடி, "புகையிரதம் ஏறிப் போனவளே, என் உடன் பிறந்தவளே" என்று ஆகியிருந்தது. நானும் பார்த்துவிட்டுச் சரி என்றுதான் தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பாலத்துக் கட்டுக்கே போய் அம்மாயிக்கு வாசித்துக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் பாட்டு இல்ல தம்பி."

"ஏன் அம்மாயி, அதே பாட்டுத்தானே?"

"நாங்க அவள கோச்சியிலதான் ஏத்திவிட்டோம்."

அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். கோச்சிக்கும் கூடவுக்கும் உள்ள மோனையை நாங்கள் அறுத்திருந்தோம், அது படித்தவன் கண்டுபிடிக்கும் குற்றம். அதைவிடப் பெரியது, ஐம்பது வருடமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்தப் பிளாட்பாரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்திருக்கிறார். புகையிரதம் என்பது அரசாங்கப் பலகையில் எழுதியிருக்கும் சொல். அதில் அவருடைய அக்கா ஏறவில்லை.

பதிவை மறுபடி போட்டு, ஒவ்வொரு அடியாக நிறுத்தி, அவர் வாயில் வந்தபடியே எழுதினோம். இரண்டு ஞாயிறு பிடித்தது. 'மொளச்ச', 'வெடிஞ்ச', 'ரெண்டு' எல்லாம் அப்படியே. அந்தத் தங்கச்சியே உட்கார்ந்து முழுவதையும் மாற்றினாள். அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: பாடியவருக்கு வாசித்துக் காட்டாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. பெயர் போடலாமா, எந்தப் பெயரைப் போடுவது என்பதையும் அவர்களிடமே கேட்போம். வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. நிதி கேட்டு எழுதும் கடிதங்களில் இந்த ஞாயிற்றுக்கிழமைகளை எந்தத் தலைப்பின் கீழ் காட்டுவது என்று இன்னும் சிரமப்படுகிறேன். ஆனாலும் விடுவதாக இல்லை. பாட்டைச் சேகரித்து எங்கோ ஓர் அலுமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் தேவைதான். பாட்டு கிளம்பிய லயத்துக்கே அது திரும்பி வர வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

இருபத்து நான்கு பக்கத்தில் சின்னப் புத்தகமாகக் கட்டினோம். வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். அம்மாயி இரண்டு கேட்டார். ஒன்றைத் தகரப் பெட்டிக்குள், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். அதே உறையிலிருந்து மடிப்பு விட்டுப்போன ஒரு நீலக் கடுதாசியை எடுத்துத் தந்தார். கோத்தகிரி விலாசம். கடைசியாக அக்கா போட்டது.

மற்றப் புத்தகத்தை உறையில் போட்டு, அந்த விலாசத்தை அவர் முன்னாலேயே எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.