தொழிற்சாலையில் செய்த வீடு திருமலைக் காற்றுக்குத் தாங்குமா?

மாரி ஓய்ந்து மாசி பிறந்ததும் திருமலையில் (திருகோணமலையில்) வீட்டு வேலைப் பேச்சுத் தொடங்கிவிடும். மணலுக்கு அலைய வேண்டும், மேசன் கிடைக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். அந்த நெருக்கடியில்தான் "பேசாமல் ரெடிமேட் வீடு ஒன்றை இறக்கிவிடலாமே" என்ற எண்ணம் வருகிறது. இறக்கலாம். ஆனால் கொழும்பில் காட்டும் மாதிரி வீட்டைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. அதே வீடு நம் கடலோர ஊரான உப்புவெளியில் நிற்கும்போது வேறு வீடாகிவிடும்.

முதலில், ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. ஒன்று பெட்டி வீடு: அறையை முழுதாகவே தொழிற்சாலையில் முடித்து, லொறியில் கொண்டுவந்து கிரேனால் இறக்குவது. கப்பல் கொன்டெய்னரை வெட்டிச் செய்யும் வீடும் இதில் சேரும். இரண்டாவது சட்டக வீடு: 0.75 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள, நாகம் (சிங்க்) பூசிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த கால்களையும் குறுக்குகளையும் காணியில் வைத்துப் பூட்டி, இரு பக்கமும் சீமெந்துத் தகடு அடிப்பது. மூன்றாவது பலகை வீடு: 610 மில்லிமீட்டர் அகலமும் 2440 உயரமும் கொண்ட பலகைகளை நாக்கும் பள்ளமுமாகப் பொருத்திச் சுவர் எழுப்புவது. இந்தப் பலகையிலும் இரண்டு சாதி உண்டு. நடுவில் ரெஜிபோம் (பொதிகளில் வரும் வெள்ளை நுரை) மணி கலந்த சீமெந்து உள்ளது ஒன்று. இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே வெறும் ரெஜிபோம் உள்ளது மற்றது. விலை கேட்கும்போது எது என்று சொல்லாமல் "பனல்" என்று மட்டும் சொன்னால், இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அத்திவாரம் போட்டுக் காயும் நாட்களிலேயே தொழிற்சாலையில் சுவர் தயாராகிறது. இந்த நேர மிச்சம் உண்மையானது. எடை அடுத்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். சீமெந்துப் பலகைச் சுவர் அதில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நிற்கும். கிண்ணியா களப்போரம், தம்பலகாமம் வயல் ஓரம் போன்ற இளகிய நிலத்தில் சுவர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அத்திவாரம் சமமில்லாமல் இறங்குவதுதான். பாரம் குறைந்தால் அந்தத் தொல்லையும் குறையும். பழைய வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்கவும் இதே காரணத்தால் இது நல்ல வழி. கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும் கரையோரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. உப்புத் தண்ணீரில் குழைத்த கொங்கிரீட்டுக்குள் கம்பி கறள் பிடித்து வீங்கி, தூணை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சுவர் வெளியிலிருந்து வந்தால் நல்ல தண்ணீர் அத்திவாரத்துக்கும் தரைக்கும் மட்டும் போதும்.

இனிக் காற்று. 1964 மார்கழிச் சூறாவளியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி கரையேறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். 1978 மட்டக்களப்புச் சூறாவளிக்குப் பிறகு நாட்டைக் காற்று வலயங்களாகப் பிரித்தபோது, கிழக்குக் கரையோரம் முதலாம் வலயத்தில் வந்தது. அங்கே சாதாரணக் கட்டடத்துக்கே செக்கனுக்கு 49 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 176 கிலோமீட்டர் வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மீண்டும் 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் வரும்: சதுர மீட்டருக்கு சுமார் 1,440, கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 147. கூரைத் தகடோ சதுர மீட்டருக்கு நாலரை, ஐந்து கிலோ. தகட்டைக் கூரையில் வைத்திருப்பது அதன் பாரமல்ல, ஸ்க்ரூ ஆணி.

"கொன்டெய்னர் பாரமானது, அது எங்கே போகப்போகிறது" என்பார்கள். கணக்குப் பாருங்கள். 20 அடிக் கொன்டெய்னரின் வெற்று எடை சுமார் 2.2 டன். அதன் கூரைப் பரப்பு 14.8 சதுர மீட்டர். காற்று அந்தக் கூரையை மேலே இழுக்கும் விசை இரண்டு டன்னைத் தாண்டும். எடைக்குச் சமமாகவே வந்துவிட்டது. நீளப் பக்கத்தில் மோதும் காற்று மூன்று டன் அளவில் தள்ளும். நான்கு சீமெந்துக் கல்லின் மேல் சும்மா தூக்கி வைத்த கொன்டெய்னர் இந்தக் காற்றில் நகர்வதோடு நிற்காது, புரளும். நான்கு மூலையிலும் கொங்கிரீட் கட்டை வார்த்து, அதில் பதித்த இரும்புத் தகட்டோடு மூலைவார்ப்பை (கொன்டெய்னரின் மூலையிலுள்ள துளையிட்ட இரும்புக் கட்டியை) பற்றவைக்க வேண்டும், அல்லது பூட்ட வேண்டும். 90 சென்டிமீட்டர் சதுரமும் 60 ஆழமும் உள்ள ஒரு கட்டையின் எடை 1.2 டன் அளவுதான். எத்தனை, எவ்வளவு பெரிது என்பதைப் பொறியியலாளர் கணக்கிட்டுத் தரட்டும். இந்த இடத்தில் ஊகம் வேண்டாம்.

சட்டக வீட்டில் கேட்க வேண்டியது ஒன்று: முகட்டிலிருந்து அத்திவாரம் வரை இரும்புத் தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா? கூரைச் சட்டம் சுவர்க் காலோடு பட்டியால் பூட்டப்பட வேண்டும். சுவர்க் கால் அடிச்சட்டத்தோடும், அடிச்சட்டம் 12 மில்லிமீட்டர் போல்டால் கொங்கிரீட்டோடும் பூட்டப்பட வேண்டும். மூலைகளிலும் வாசல், பெரிய யன்னல் என்பவற்றின் இரு பக்கத்திலும் தனியான பிடிதகடு வேண்டும். இடையில் 1.2 மீட்டருக்கு ஒரு போல்ட் என்பது மேல் எல்லை. கூரை ஓரங்களிலும் முகட்டிலும் தகட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஆணி. நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். காற்று முதலில் கிளப்புவது ஓரத்தைத்தான். திருமலைக்கே உரிய இன்னொரு எதிரி குரங்கு. ஒரு கூட்டம் தினமும் முகட்டில் ஓடினால் முகட்டு மூடியின் ஆணி மெல்ல மெல்ல ஆடத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மாரிக்கு முன், ஏறிப் பார்த்து இறுக்க வேண்டும்.

காற்று எப்போதாவது வருவது. உப்பு நாள்தோறும் வேலை செய்வது. சட்டகத் தகட்டுக்கு "இசட் 275" பூச்சு என்று பெருமையாகச் சொல்வார்கள். சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் என்பது அதன் பொருள். ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரோன் அளவுதான் வரும். உலகத் தரப்பிரிப்பில் சி5 எனப்படும் கடுமையான கடலோரச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை கரையும். அலைத்தூவானம் படும் இடத்தில் மூடாமல் விட்ட சட்டகம் இரண்டரை முதல் ஐந்து ஆண்டுக்குள் பூச்சை இழக்கும் என்று இதை வாசிக்க வேண்டும். கடலுக்கு விலகிய, உப்பு குறைந்த உட்பகுதியில், சி3 அளவில், 0.7 முதல் 2.1 மைக்ரோன் வரைதான். நிலாவெளியில் கடலைப் பார்த்த காணிக்கும் கந்தளாய்க் காணிக்கும் ஒரே விலைப்பட்டியல் தந்தால், விற்பவர் காணியைப் பற்றி யோசிக்கவில்லை.

சட்டகம் சுவருக்குள் மூடியிருந்தால் நீண்டநாள் நிற்கும். கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது அடிச்சட்டம். தரை கழுவும் தண்ணீர் ஊறி அங்கேயே தங்கும். அடிச்சட்டத்தின் கீழ் ஈரத்தடை நாடா போட்டு, தரையை வெளி நிலத்தைவிடக் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். இரண்டாவது வெட்டு முனை. கிரைண்டரால் வெட்டினால் சூட்டில் பூச்சு எரியும், பறக்கும் இரும்புத் தூள் பக்கத்துத் தகட்டில் ஒட்டிச் சில வாரத்தில் செம்புள்ளி விழும். கத்தரியால் வெட்டி, முனைக்கு நாகம் நிறைந்த பெயின்ட் பூசச் சொல்லுங்கள். மூன்றாவது ஆணி. கூரைக்குக் கறள் தாங்கும் தரத்தில் நான்காம் வகுப்புப் பூச்சு ஆணி, கீழே வெயில் தாங்கும் இ.பி.டி.எம். றப்பர் வொஷர். சாதாரண ஆணி தலையிலிருந்து கறள் வழிந்து, நல்ல தகட்டையும் தின்னும். சிங்-அலும் (நாகமும் அலுமினியமும் கலந்து பூசிய) தகட்டை ஈரச் சாந்துக்குள் புதைப்பதும் கூடாது. சாந்தின் காரம் அதிலுள்ள அலுமினியத்தை அரிக்கும். மேசன்மார் முகட்டோரம் சாந்து வைத்து அடைப்பது ஓட்டு வீட்டில் பழகிய கை. இங்கே அது கேடு.

கூரைக்கு மேலே மழை விழுந்து உப்பைக் கழுவிவிடும். தாழ்வாரத்தின் கீழ்ப்பக்கமும் மழை படாத சுவரும் கழுவப்படுவதில்லை, அதனால் அங்கேதான் கறள் முந்தும். ஹோஸ் பிடித்து நல்ல தண்ணீரால் மாதம் ஒருமுறை அடித்தால் போதும். செலவில்லாத பராமரிப்பு, ஆனால் எவரும் செய்வதில்லை.

வெப்பத்தில் இந்த வீடுகளுக்குப் பாதி நியாயம் பாதி பழி. கச்சான் என்ற வெங்காற்று வீசும் மாதங்களில், இடையில் எதுவும் இல்லாத தகட்டுக் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது. அது உண்மை. ஆனால் கல்வீட்டுச் சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை நடுநிசி வரை திருப்பிக் கொடுக்கும். மெல்லிய சுவர் பொழுது பட்டதும் குளிர்ந்துவிடும். யன்னலை எதிரெதிரே வைத்தால் இரவு நித்திரை கல்வீட்டைவிட நன்றாக வரும். பகலுக்காகச் செய்ய வேண்டியவை: தகட்டின் கீழ் 50 மில்லிமீட்டர் வெப்பத்தடை, அதன் பளபளப்பான பக்கத்துக்கு 25 மில்லிமீட்டராவது காற்றிடைவெளி, முகட்டில் சூடு வெளியேற வழி, 900 மில்லிமீட்டர் தாழ்வாரம். ஏசி போடுபவர்கள் கவனிக்க: ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே போய்க் குளிர்ந்த தகட்டில் நீராகும். ஆகவே நீராவித் தடை சுவரின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தில் அது உட்பக்கம் இருக்கும். அப்படியே கொப்பி அடித்தால் சுவருக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

குசினியை வெறும் ரெஜிபோம் பனலுக்குள் வைக்காதீர்கள். அது 100 பாகைக்குக் கிட்டவே இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் தகட்டுக்கு உள்ளே ஓடும், புகையும் நச்சு. விறகடுப்பு உள்ள வீட்டில் குசினி தனியாகக் கல்லில் இருக்கட்டும்.

2016 இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் சாரமும் இவைதான். ஒரு வீடு 21 லட்சம் ரூபா அளவில் சொல்லப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை லட்சம், அதில் ஆட்கள் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்திவாரம், சூடு, பிறகு அறை கூட்டிக் கட்டும் வசதி என்று கேள்விகள் அடுக்கின. அந்த எண்ணிக்கையில் திட்டம் நடக்கவில்லை. கூட்டிக் கட்டுவது சிறிய விஷயமல்ல. மகளுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்தில் இரண்டு அறை இழுப்பது நம் ஊர் வழக்கம். கல்வீட்டில் எந்த மேசனும் அதைச் செய்வார். சட்டக வீட்டில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று தெரியாமல் சுவர்க் காலை வெட்டினால் கூரை இறங்கும். தொட்டில் கட்டவும் சாமிப்படத் தட்டு அடிக்கவும் முன்கூட்டியே பலகை வைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். பின்னர் எங்கு வேண்டுமானாலும் ஆணி அறைய முடியாது.

வேலை கெடுவது தொழிற்சாலையில் அல்ல, காணியில். சட்டகம் மில்லிமீட்டர் கணக்கில் வரும். நம் தரை விரல் கணக்கில் இருக்கும். 6 க்கு 9 மீட்டர் தரை என்றால் மூலைவிட்டம் இரண்டும் 10.82 மீட்டர் வர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மட்டமும் அப்படித்தான். சட்டகம் ஏற்றும் நாளில் இடைவெளி தெரிந்தால் மரச்சீவலைச் செருகி மறைப்பார்கள். சுருங்காத கிரவுட் (ஊற்றுச் சாந்து) ஊற்றச் சொல்லுங்கள். பலகைச் சுவரின் பொருத்துகளில் சாதாரணச் சாந்து வைத்தால் அடுத்த சோளகக் காற்றுக் காலத்துக்குள் செங்குத்தாகக் கோடு விழும். அதற்குரிய ஒட்டுச்சாந்தும் 100 மில்லிமீட்டர் கண்ணாடிநார் வலைநாடாவும் வேண்டும். வயர் இரும்புக் காலின் துளை வழியே போகும் ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம் வேண்டும், சட்டகம் முழுவதற்கும் எர்த் வேண்டும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்வதை அழுத்திப் பார்க்க வேண்டும். தோலுரிந்த ஒரு வயர் சுவர் முழுவதையும் மின்சாரமாக்கும்.

கொண்டுவரும் செலவில் பெட்டி வீடு தோற்கும். கொழும்பிலிருந்து 260 கிலோமீட்டர் அளவுக்கு நீங்கள் சுமந்து வருவது பெரும்பாலும் காற்றை. 40 அடிப் பெட்டியில் கிடைப்பது 320 சதுர அடி. உள்ளே வெப்பத்தடை அடித்தால் அகலம் ஏழேகால் அடிக்கு வந்துவிடும், கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. பத்தடி ஒழுங்கையில் கிரேன் திரும்புமா, மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா என்பதை முன்பணத்துக்கு முன் பாருங்கள். பலகையும் சட்டகமும் அடுக்கி வரும், கையால் இறக்கலாம்.

"இதற்கு அனுமதி தேவையில்லை, கழற்றலாம்தானே" என்பது விற்பனைப் பேச்சு. உள்ளூராட்சி மன்றத்தில் வரைபடம் அங்கீகரிக்க வேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதியும் தேவை. அது இல்லாமல் வங்கிக் கடனையும் நினைக்காதீர்கள்.

கடலைப் பார்த்த காணியில் வீடு கட்டுவோருக்கு எங்கள் தெரிவு கலப்பு முறை: கொங்கிரீட் தூணும் சுவரைச் சுற்றிவரும் வளைய உத்தரமும் இங்கேயே, கம்பிக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறையாத கொங்கிரீட் மறைப்போடு, சுவருக்குச் சீமெந்து நடுவுள்ள பலகை, குசினிக்குக் கல். நேரம் முழுதாக மிஞ்சாது, பாதி மிஞ்சும். உள்ளூரில், கடலுக்கு விலகிய காணியில், சட்டக வீடு தயங்காமல் போடலாம். கொன்டெய்னர் கடைக்கும் களஞ்சியத்துக்கும் நல்லது.

ஒப்பந்தத்தில் காற்று வேகம், பூச்சுத் தரம், ஆணி வகுப்பு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். அத்திவாரம், மலகூடக் குழி, கிரேன், லொறி என்பன சதுர அடி விலைக்குள் வருமா என்றும் எழுதுங்கள், பெரும்பாலும் வராது. அதே தொகுதியில் நான்கு கூரைத் தகடும் நூற்றுக்கு ஐந்து வீதம் பலகையும் மிகையாக வாங்கி வையுங்கள், தென்னை நிற்கும் வளவென்றால் தகட்டை ஆறாக்குங்கள். சுவர் மூடுமுன் வயரும் குழாயும் போகும் வழியைப் படம் எடுத்து வையுங்கள். கடைசிப் பத்து வீதப் பணத்தை, வீடு ஒரு மாரியைக் கண்ட பின், தை மாதத்தில் கொடுங்கள்.