டொயோட்டா 86-க்கு எத்தனை குதிரைத்திறன் போதும்?

வண்டியை மாற்றியமைக்கும் ஆட்கள் கூடுகிற எந்த மாமாக் தேநீர்க் கடையிலும் முதல் கேள்வி இதுதான்: "எத்தனை குதிரை?" என்ன டயர், என்ன பிரேக் பேட் என்று எவனும் முதலில் கேட்க மாட்டான். ஒரு எண் சொல்ல வேண்டும், அது பக்கத்து மேசைக்காரனின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும், தே தாரிக் ஆறும் வரை உட்கார்ந்து கேட்பேன். ஆனால் சொந்தக் காசைப் போட்டு எஞ்சினைத் தொடும்போது அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

என் காடி டொயோட்டா 86. முதல் தலைமுறை, மேனுவல் கியர். கோலாலம்பூரில் தினமும் வேலைக்கு ஓட்டுகிறேன், ஞாயிறு விடியலில் உலு யாம் பக்கமோ கெந்திங் மலைக்கோ போவேன், எப்போதாவது சிப்பாங் பந்தயத்தடம். இந்த வண்டிக்கும் இந்தச் சாலைகளுக்கும் சரியான சக்தி, சக்கரத்தில் (அதாவது எஞ்சினிலிருந்து வரும் வழியில் இழப்பது போக மிஞ்சுவது) 240 முதல் 250 குதிரை. அதற்கு மேல் போனால் காசும் வீண், வண்டியும் கெடும் என்பது என் கருத்து. திட்ட நினைப்பவர்கள் கணக்கைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதன் எஞ்சினில் 200 குதிரை, 205 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). எடை ஏறக்குறைய 1,250 கிலோ. தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா வேண்டுமென்றேதான் இப்படிச் செய்தார்: எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இல்லை, நான்கு சக்கர இயக்கம் இல்லை, அகலமான ஒட்டும் டயரும் இல்லை. கூடவே வந்த மிஷெலின் பிரைமசி டயர், எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸுக்கும் போட்ட டயர். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் அந்த டயரில்தான் இந்த வண்டி குறைந்த வேகத்திலேயே பின்பக்கத்தை லேசாக ஆட்டிக் காட்டும், ஓட்டுகிறவன் எதையாவது கற்றுக்கொள்வான். சக்தி குறைவு என்று எல்லோரும் புலம்பியதும் உண்மைதான், ஆனால் புலம்பலுக்கான காரணத்தைப் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

உச்ச சக்தி குறைவாக இருப்பது பெரிய பிரச்சினையே இல்லை. நடுவில் இருக்கும் பள்ளம்தான் பிரச்சினை. இந்த எஞ்சினின் டார்க் வரைபடத்தைப் பார்த்தால் 3,500-லிருந்து 4,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வரை யாரோ கையால் அமுக்கிவிட்ட மாதிரி கீழே இறங்கி மறுபடி ஏறும். இதைக் கியரில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் கியர் விகிதம் 1.541, இறுதி விகிதம் 4.1. அதன்படி மூன்றாம் கியரில் அந்தப் பள்ளம் மணிக்கு 65 கிலோமீட்டரிலிருந்து 85 வரை வருகிறது. பழைய ஒற்றைச் சாலையில் செம்பனை லாரியைத் தாண்டுவது எந்த வேகத்தில்? அதே வேகத்தில்தான். எதிரே வண்டி வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று மிதிக்கிறோம், வண்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்புறம்தான் கிளம்புகிறது. 7,000 ஆர்பிஎம்மில் 200 குதிரை இருந்து அங்கே என்ன பயன்? நாம் அந்த நேரத்தில் 4,000-இல் இருக்கிறோம்.

டொயோட்டாவுக்கே இது தெரிந்திருக்கிறது. அடுத்த தலைமுறை ஜிஆர்86-க்கு 2.4 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள், ஜப்பானில் அதன் சக்தி 235 குதிரை. கூட்டியது 35 குதிரைதான், அதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் நிறைய. ஆனால் டார்க் 205-லிருந்து 250-க்கு ஏறியது, அதைவிட முக்கியமாக உச்ச டார்க் 6,400-க்குப் பதிலாக 3,700-லேயே வந்துவிடுகிறது. ஓட்டிப் பார்த்தால் அது வேறு வண்டி. ஹோண்டா எஸ்2000-மும் ஏறக்குறைய இதே எடைதான், ஜப்பானில் 250 குதிரையோடு விற்றார்கள், அதை யாரும் சோம்பேறி வண்டி என்று சொன்னதில்லை.   

சரி, என் 250 எங்கிருந்து வந்தது?

பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு விசையைத் தள்ள முடியும் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும், எஞ்சினிலிருந்து அல்ல. ஓட்டுநரோடு சேர்த்து 1,330 கிலோ என்று வையுங்கள். நேராக வேகம் எடுக்கும்போது எடை கொஞ்சம் பின்னால் சாயும், அதையும் சேர்த்தால் நல்ல சாலை டயர் காய்ந்த தாரில் தோராயமாக 7,000 நியூட்டன் விசையைத் தாங்கும். இரண்டாம் கியரில் (விகிதம் 2.188) பழைய 205 நியூட்டன் மீட்டரை இரண்டு விகிதங்களாலும் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுத்து, வழியில் போகும் இழப்பைக் கழித்தால் கிடைப்பது ஏறத்தாழ 5,000 நியூட்டன். அதாவது டயரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, வண்டியிடம்தான் இல்லை. டார்க்கை 280 ஆக்கினால் அதே இரண்டாம் கியரில் 6,900 நியூட்டன் வருகிறது. டயரின் எல்லைக்கு ஒரு நூல் கீழே. அந்த 280-ஐக் கீழேயிருந்து 7,000 ஆர்பிஎம் வரை தட்டையாகப் பிடித்தால், வழியில் போகும் இழப்பைக் கழித்துச் சக்கரத்தில் ஏறக்குறைய 240 குதிரை நிற்கும்.

என் அளவுகோல் இதுதான். இரண்டாம் கியரில், நேர்ச்சாலையில், மிதியைத் தரை வரை அமுக்கினால் டயர் மட்டுமட்டாகப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வண்டியில் பாக்கி வைத்திருக்கிறோம். மேலே போனால் மிதியைப் பாதியில் நிறுத்தி ஓட்டப் பழக வேண்டும், பாதி மிதியில் ஓட்டத்தான் இவ்வளவு செலவா?

நண்பன் ஒருவனிடம் இதே வண்டி, டர்போ வைத்துச் சக்கரத்தில் 380 குதிரை. டார்க் 430-க்குப் பக்கம். கணக்குப்படி மூன்றாம் கியரிலேயே 7,500 நியூட்டன், காய்ந்த சாலையிலும் டயர் விட்டுவிடும். உண்மையில் அதுதான் நடக்கிறது. கராக் நெடுஞ்சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், டர்போ ஊத ஆரம்பிக்கும் வரை சாதாரண வண்டி, ஊதியதும் பின்பக்கம் லேசாக நெளிந்தது, அவன் காலை எடுத்தான், அதற்குள் வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிட்டோம். "எப்படி மச்சான்?" என்றான். "பயமா இருக்குடா" என்றேன், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். நெடுஞ்சாலையில் உச்ச வேக வரம்பு 110. மூன்றாம் கியரை முழுதாக இழுத்தால் 138-ஐத் தொடும். ஆக அந்த 380 குதிரையை அவன் ஒரு வாரத்தில் எத்தனை நொடி பயன்படுத்துகிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக் கணக்கு இன்னும் மோசம். ஈரச்சாலையில் அந்த 7,000 நியூட்டன் 4,000 பக்கம் இறங்கிவிடும். அப்போது கம்பெனியிலிருந்து வந்த வண்டியே இரண்டாம் கியரில் வழுக்கும், என் 280 நியூட்டன் மீட்டர் மூன்றாம் கியரிலும் வழுக்கும். நம் ஊரில் மாலை மழையை யாரும் தவிர்க்க முடியாது, அதனால் டிராக்‌ஷன் கண்ட்ரோலை (சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) அணைத்துவிட்டு ஓட்டும் வீரத்தை மழை நாளில் நான் காட்டுவதில்லை. 250-இல் இது சமாளிக்கக்கூடிய தொல்லை. 380-இல் நான்காம் கியரிலும் காலை எண்ணி எண்ணி வைக்க வேண்டும்.

அடுத்தது எஞ்சின். இதன் கம்ப்ரெஷன் (உள்ளே காற்றை அமுக்கும் விகிதம்) 12.5-க்கு 1. இயல்பாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு அது நல்லது, வெளியிலிருந்து காற்றைத் திணிக்கும்போது அதே எண் எதிரியாகிவிடும், கொஞ்சம் சூடானாலும் நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடிப்பது) ஆரம்பிக்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் மெலிது. உள்ளே எதையும் மாற்றாமல் சக்கரத்தில் 300 குதிரைதான் எல்லை என்று இந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பழகியவர்கள் சொல்வார்கள், அதுவும் ராடை வளைப்பது உச்ச குதிரை அல்ல, குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ திடீரென்று கொண்டுவந்து கொட்டும் டார்க்தான். 250-இல் நிறுத்தினால் எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. 300-ஐத் தாண்ட ஆசைப்பட்டால் பிஸ்டன், ராட், கிளட்ச், எரிபொருள் பம்பு, அப்புறம் கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். குதிரை ஒன்றுக்கு ஆகும் செலவு அங்கேதான் செங்குத்தாக ஏறுகிறது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் எடுத்த டைனோ (சக்தியை அளக்கும் கருவி) காகிதத்தைக் காட்டி "இந்தக் கிட்டில் இத்தனை வரும்" என்பார்கள். இங்கே மதியம் 33 டிகிரி, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு மிதித்தால் உள்ளே போகும் காற்றே கொதிக்கிறது, எஞ்சின் கணினி உடனே தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், காகிதத்துக் குதிரைகள் பாதி வழியில் படுத்துவிடும். எண்ணெய் நிலையத்தில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் 95, 97, சில இடங்களில் 100. நான் 97-க்கு எஞ்சின் கணினியை டியூன் செய்யச் சொன்னேன். 100-க்கு டியூன் செய்துவிட்டு, நள்ளிரவில் ஏதோ ஒரு சிறு ஊரில் 95 மட்டும் கிடைத்து நிற்க எனக்கு விருப்பமில்லை.

எந்த வழியில் கூட்டுவது என்பதற்கும் நடுப்பகுதிதான் பதில். எக்ஸ்ஹாஸ்ட் ஹெடரை (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்கள்) மாற்றி நல்ல டியூன் போட்டாலே அந்தப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். குதிரை அதிகம் கூடாது, ஆனால் செலவழித்த காசுக்கு இதைவிட அதிகம் தரும் வேலை இந்த வண்டியில் வேறில்லை, பலருக்கு இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போக, எஞ்சினே சுழற்றிக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரில் இரண்டு ஜாதி. சென்ட்ரிஃபியூகல் வகை ஆர்பிஎம் ஏற ஏறத்தான் அழுத்தம் தரும், ராடுக்கு நல்லது, டைனோவில் உச்ச எண் அழகாக வரும், ஆனால் லாரியைத் தாண்டும் 4,000-இல் பெரிதாக எதுவும் இருக்காது. ரூட்ஸ், ஸ்குரூ வகைகள் கீழேயிருந்தே தள்ளும், வரைபடம் மேசை மாதிரி தட்டையாக வரும், பதிலுக்குச் சூடு அதிகம். நான் இரண்டாவதை எடுத்தேன், குறைந்த அழுத்தத்தில், திணித்த காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இண்டர்கூலரோடு. நெரிசலுக்குப் பிறகு முதல் சில இழுப்பு மந்தமாக இருக்கும், அது தெரிந்தேதான் வாங்கினேன்.

டியூனரிடம் போகும்போது எண்ணைச் சொல்லாதீர்கள். "250 வேண்டும்" என்றால் அவர் 7,000 ஆர்பிஎம்மில் எப்படியாவது 250-ஐ இழுத்துக் காட்டிவிடுவார், அது அவர் தொழில். எனக்குச் செய்தவரிடம் "அண்ணே, 3,500-லிருந்து கோடு தட்டையா வேணும், மேலே எவ்வளவு வந்தாலும் சரி" என்றேன். ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பி, இப்படிக் கேட்க எனக்கு ஆள் வர்றதே இல்ல" என்று சிரித்துவிட்டுப் பொறுமையாகச் செய்து கொடுத்தார். டைனோ எண்ணும் ஒரு அளவுக்குத்தான் நம்பக்கூடியது. உருளை டைனோவுக்கும் சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் மாட்டும் டைனோவுக்கும் ஒரே வண்டி வேறு வேறு எண் காட்டும், வெப்பத்துக்கான திருத்தத்தை யார் எப்படிப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து இன்னும் மாறும். ஒரே டைனோவில் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளை ஒப்பிடுங்கள், அது போதும். சக்கர எண்ணைத் திரும்ப எஞ்சின் எண்ணாக மாற்றிப் பெரிதாக்கிச் சொல்பவரிடம் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்கோடுகள், கடைசியில் இறுக்கமான வளைவு. அங்கே 180-இல் போய் பிரேக் போடுவதும் 200-இல் போய் போடுவதும் ஒன்றல்ல, வேகத்தின் வர்க்கம் என்பதால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு குறைந்தது 23 சதவீதம் கூடுகிறது. நல்ல பேட், புது பிரேக் திரவம், ஆயில் கூலர் இவை இல்லாமல் சக்தியைக் கூட்டி அங்கே போவது தற்கொலை முயற்சி. இந்த எஞ்சினின் ஆயில் வெப்பம், எதுவும் மாற்றாத வண்டியிலேயே பந்தயத்தடத்தில் 120 டிகிரியைத் தாண்டும்.

இன்னொன்று, மாற்றியமைத்ததை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, காப்புறுதி இரண்டிலும் முறையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் எத்தனை குதிரை இருந்தாலும் அந்தப் பள்ளத்திலிருந்து இழுக்காது.

இதெல்லாம் 1,250 கிலோ பின்சக்கர வண்டிக்கு, சாலை டயருக்கு. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், மிட்சுபிஷி எவோ மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு எல்லை நிறைய மேலே இருக்கும். எடை குறைந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கீழே, அந்த எடைக்குச் சக்கரத்தில் 200 வந்தாலே போதும் போதும் என்றாகிவிடும். கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்காகவே கட்டுகிறவர்கள் நான் எழுதியதை மறந்துவிடலாம், அவர்களுக்கு டயரும் வேறு, நோக்கமும் வேறு. மற்றவர்கள் உங்கள் வண்டியின் எடை, இரண்டாம் கியர் விகிதம், இறுதி விகிதம், டயர் அளவு நான்கையும் எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை. விகிதங்கள் எல்லாம் வண்டியின் தொழில்நுட்ப விவரங்களில் இருக்கும்.