ஆயில் மாற்றியாச்சு, முனகல் போகவில்லை: பவர் ஸ்டியரிங்கோடு நான்கு ஞாயிறு

இன்று காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பினேன். பெல்ட் ஓடுகிற சத்தம், ஃபேன் சத்தம், அவ்வளவுதான். நான்கு ஞாயிறாக 'ஊம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்த பம்ப் ஒருவழியாக வாயை மூடிக்கொண்டது. இதில் மூன்று ஞாயிறு நானே வரவழைத்துக்கொண்டவை. அதனால்தான் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டிக்கு 16 வயது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங், பம்ப் தள்ளுகிற ஆயிலின் அழுத்தம்தான் திருப்ப உதவுகிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் ஆயில் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை. அந்த ஸ்டியரிங் ஆயில் இருக்கிற டப்பாவுக்குள் குச்சியை விட்டு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் பழுப்பு வளையம், சிவப்பு என்பது எங்கேயும் இல்லை. மோந்து பார்த்தால் கருகிய வாசம். குளிர்ந்த வண்டியை எடுத்ததும் லேசாக ஒரு முனகல், பார்க்கிங்கில் திருப்பும்போது கொஞ்சம் அதிகம். பெல்ட் வழுக்கினால் வருகிற 'கீச்' வேறு, இது வேறு. ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் ஆரம்பித்தேன்.

எந்த ஆயில் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை, மூடியிலேயே டெக்ஸ்ரான் 3 என்று அச்சடித்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலுக்கான (ஏ.டி.எஃப்) ஒரு தரம் அது. வாங்கப் போனால்தான் தமாஷ். ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு டெக்ஸ்ரான் 3 உரிமத்தை நிறுத்திவிட்டது. இன்று கடையில் கிடைக்கிற எல்லாம் 'டெக்ஸ்ரான் 3 வகை', 'டெக்ஸ்ரான் 3-க்குப் பொருந்தும்' என்று அவரவர் சொல்லிக்கொள்வதுதான். யாரும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அதனால் லேபிளில் கூச்சல் குறைவாக இருக்கிற, கியர் பாக்ஸுக்கு நான் ஏற்கெனவே போட்டுத் திருப்தியான பாட்டிலையே இரண்டு லிட்டர் எடுத்தேன். ஹோண்டா வைத்திருப்பவர்களும், சி.எச்.எஃப் 11எஸ் என்கிற பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில் கேட்கிற ஐரோப்பிய வண்டிக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு ஏ.டி.எஃப்-ஐ ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல் ஊதிப்போனால், சக்கரங்களைத் திருப்புகிற ரேக்கையே கழற்ற வேண்டியிருக்கும்.

சிரிஞ்சால் டப்பாவை உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டி, மறுபடி உறிஞ்சுகிற முறை ஒன்று உண்டு. சோம்பேறி முறை என்று சொல்வார்கள், எனக்கும் அதில்தான் ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஏறக்குறைய ஒரு லிட்டர், டப்பாவில் 300 மி.லி. ஒரு தடவைக்கு 70 சதவீதம் பழையது உள்ளேயே தங்கும். ஐந்து தடவை செய்து ஒன்றரை லிட்டர் செலவழித்தும் 17 சதவீதம் பழைய கறுப்பு சுற்றிக்கொண்டிருக்கும். சரி, ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றியே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பகுதி சுலபம். முன்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் நிறுத்தினேன். டப்பாவின் ரிட்டர்ன் முனையை ரப்பர் மூடியால் அடைத்தேன், ஹோஸை நீட்டிப் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. மகள் ஸ்டியரிங்கில், நான் புனலோடு பானட்டில். அவள் திருப்பத் திருப்ப பாட்டிலில் டீ டிகாக்ஷன் நிறத்தில் விழுந்தது, அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் நல்ல சிவப்பு.

"அப்பா, இன்னும் எத்தனை தடவை?"

"சிவப்பா வர்ற வரைக்கும்மா."

"முன்னாடியே அப்படித்தான் சொன்னீங்க."

ஒன்றரை லிட்டரில் முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் டப்பாவின் அடியில் இருக்கிற சல்லடையைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. அது அடைத்திருந்தால் பம்ப் பசியோடு உறிஞ்சி முனகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டப்பாவைக் கழற்றி பிரேக் கிளீனர் அடித்துக் கழுவினேன். ரப்பர் தூளும், விரலில் தேய்த்தால் மினுங்குகிற சாம்பல் பசையும் வந்தன. பெருமையாகத் திரும்ப மாட்டினேன். பம்புக்குப் போகிற தடித்த உறிஞ்சு ஹோஸையும் அதே பழைய கிளிப்போடு சொருகினேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுக்கிற வேலை அடுத்து, அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவது. முதலில் எஞ்சின் ஓடாமல் 20 தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம், மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். பிறகு ஸ்டார்ட். 'ஊம்ம்ம்ம்.' முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு சத்தம். டப்பாவுக்குள் ஸ்ட்ராபெர்ரி மில்க்ஷேக் மாதிரி இளஞ்சிவப்பு நுரை. பயப்பட ஒன்றுமில்லை, புது ஆயில், காற்று இருக்கும், ஓட்டினால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் ஓட்டினேன். போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஒரு நல்ல காரியம் செய்தேன். டப்பாவின் வெளியே வெள்ளை டேப் ஒட்டி மில்லிமீட்டர் கோடு போட்டேன். ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது மட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் ஓடும்போது அழுத்தத்தில் அது சுருங்கியிருக்கும், அணைத்ததும் விரிந்து ஆயிலை மேலே தள்ளும். ஏற்றம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று சில வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. எனக்கு 11 மி.மீ. காதை நம்பி 'இன்றைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று ஏமாறுவதைவிட இந்த டேப் எவ்வளவோ மேல். அன்று முழுக்கத் திருப்பித் திருப்பி, ஆறவிட்டு, மறுபடி திருப்பி, மாலை பார்த்தால் 9. மறுநாள் காலை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி 11.

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று என்றால் குறைந்துகொண்டே போகும். குறைந்துவிட்டு மறுபடி ஏறுகிறது என்றால் எங்கிருந்தோ புதிதாக வருகிறது. நான் என்ன செய்தேன்? ஏர் எடுக்க இன்னும் பெரிய ஆயுதம் தேடினேன்.

மூன்றாவது ஞாயிறு, பிரேக்குக்கு வாங்கி வைத்திருந்த கை வேக்கம் பம்ப். டப்பாவின் வாயில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க்கை அமுக்கி, 20 அங்குலப் பாதரசம் வரை இழுத்தேன். அடியில் உறிஞ்சு ஹோஸ் வாயிலிருந்து ஊசி முனை அளவு குமிழிகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஜெபமாலை மாதிரி மேலே வந்தன. அரைமணி நேரம் வந்துகொண்டே இருந்தன. முள்ளும் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கார்க் சரியில்லை என்று நினைத்து அதைச் சுற்றி கிரீஸ் பூசினேன், டேப் சுற்றினேன், ஒரு கட்டத்தில் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். குற்றவாளி என் கைக்கு ஒரு சாண் கீழே, என் கண் முன்னாலேயே குமிழி விட்டுக்கொண்டிருந்தான்.

பம்பின் வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் உச்சத்தில் 70 பார், அதற்கு மேலும் போகும். அங்கே ஓட்டை என்றால் ஆயில் பீச்சியடிக்கும், குருடனுக்கும் தெரியும். உறிஞ்சு பக்கம் அப்படி இல்லை. பம்ப் ஓடும்போது அங்கே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எஞ்சின் நின்றுவிட்டால் ஆயிலின் சொந்த எடை மட்டும்தான், தொட்டால் விரல் லேசாக ஈரமாகும், சொட்டாது. கீழே அட்டை விரித்து 'லீக் இல்லை' என்று இரண்டு வாரம் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை வெளியே கொண்டுவந்தது ஷேவிங் நுரை. எஞ்சின் அணைந்திருக்கும்போது, பெல்ட் பக்கம் போகாமல், உறிஞ்சு ஹோஸ் டப்பாவில் சேருகிற இடத்தைச் சுற்றி வெண்ணெய் மாதிரி அப்பினேன். ஸ்டார்ட் செய்துவிட்டு டார்ச்சோடு குனிந்தேன். முதல் பத்து விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் கிளிப்பின் காதுக்கு (பிளையரால் பிடிக்கிற முனைக்கு) பக்கத்தில் நுரையில் ஒரு சின்னக் குழி விழுந்தது, கடுகு அளவு. அது மெதுவாகப் பட்டாணி அளவானது, நுரை அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு வரிவரியாகச் சுருங்கியது. அதே நேரம் முனகலின் சுருதி ஒரு நொடி இறங்கித் திரும்ப ஏறியது. அடச்சே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் கதை முழுக்க அதன் முனையிலேயே எழுதியிருந்தது. 16 வருடம் ஒரே இடத்தில் கடித்துக்கொண்டிருந்த கிளிப் ரப்பரில் பள்ளம் பதித்திருந்தது. முனை நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகிப்போயிருந்தது. நான் திரும்ப மாட்டும்போது கிளிப் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை, 4 மி.மீ. தள்ளி, ஹோஸ் சொருகுகிற டப்பாக் குழாயின் புடைப்பு மேலேயே பாதி ஏறி நின்றிருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது, கைக்கும் இறுக்கமாகத்தான் இருந்தது.

இந்த ஸ்பிரிங் கிளிப்புகளைப் பற்றி ஒரு புலம்பல். சாதாரண பிளையரால் பிடித்தால் நழுவி முழங்கை வரைக்கும் தோலை உரிக்கும். இடுக்கான இடத்தில் காது எப்போதும் எந்தக் கையும் போகாத பக்கம் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் திருகுற கிளிப்புக்கு மாற எனக்கு மனமில்லை. ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே போகும், திருகுற கிளிப் இறுக்கின இடத்திலேயே நிற்கும். கடைசியில் நீளமான கேபிள் வைத்த கிளிப் பிளையர் ஒன்று வாங்கினேன். வாயை ஒரு பக்கம் மாட்டிவிட்டு, தூரத்திலிருந்து கைப்பிடியை அமுக்கினால் கிளிப் வாயைத் திறந்தபடியே பூட்டிக்கொள்ளும், இரண்டு கையும் ஹோஸுக்குக் கிடைக்கும். முதல் நாளே இது இருந்திருந்தால் கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் நிதானமாக உட்காரவைத்திருப்பேன். இந்த வருடம் வாங்கியதிலேயே உருப்படியான கருவி இதுதான்.

புது ஹோஸ் விஷயத்திலும் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். பெட்டியில் அதே அளவில் ஹீட்டர் ஹோஸ் ஒரு துண்டு கிடந்தது, வெட்டியே விட்டேன். நல்லவேளை மேலே இ.பி.டி.எம் என்று ரப்பரின் வகை அச்சாகியிருந்தது. கூலண்டுக்கு அது பிரமாதம், மினரல் ஆயில் பட்டால் ஊறி வீங்கிக் கொழகொழவென்று ஆகிவிடும். ஆயிலுக்கு என்றே உள்ள நைட்ரைல் ஹோஸுக்காக ஒரு வாரம் காத்திருந்தேன். அதனால்தான் நான்காவது ஞாயிறு.

மாட்டியது இருபது நிமிடம். வேக்கம் இழுத்தபோது முள் அசையாமல் நின்றது, அதே பழைய கார்க்தான்! குமிழி நான்கைந்து நிமிடத்தில் ஓய்ந்தது. எஞ்சின் இல்லாமல் 20 தடவை, ஆறவிட்டு, ஐடிலில் 10 தடவை, கோடியில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காமல். டேப்பில் 2 மி.மீ.

வேக்கம் பம்ப் கையில் இருப்பதால் அடுத்து பிரேக் ஆயிலையும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன், பாட்டில் வாங்கி வைத்தாயிற்று. அதற்கு முன்னால் ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் உறைகளை (பூட்) விலக்கி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் பார்த்துவிட்டேன், காய்ந்த கிரீஸ் மட்டும்தான். வலது பக்கக் கிளிப் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது, துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருக்கிறேன். சல்லடையின் ஒரு ஓரத்தில் கழுவும்போது நானே கிழித்த மாதிரி ஒரு சின்னப் பிசிறும் தெரிகிறது. புது டப்பா சொல்லலாமா, இதையே ஓட்டலாமா என்று முடிவு செய்யவில்லை. டப்பாவைக் கழற்றினால் அந்தக் கிளிப்பை மறுபடி தொட வேண்டும்.

டேப்பை மட்டும் உரிக்கவில்லை. "இன்னிக்கு எவ்வளவுப்பா?" என்று மகள் காலையில் கேட்டாள். 2 என்றேன். இனிமேல் ஸ்டியரிங் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.