ஒரு குரங்கும் பி செல்களும்

ரெண்டு நாளாக ஸ்டீபன் ஹவுசர் என்ற நரம்பியல் மருத்துவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் இருப்பவர். வாழ்நாள் முழுக்க அவர் ஆராய்ந்தது ஒரே நோயை: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்பு இழைகளுக்கு மயலின் என்றொரு உறை. நம் எதிர்ப்பு சக்தியே அதைக் கடித்துக் குதறுகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு அதிகம்.

நம் எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களில் டி செல், பி செல் என்று இரண்டு வகை. இந்த நோயில் குற்றவாளி டி செல்கள்தான் என்று அந்தத் துறையே நம்பிக்கொண்டிருந்த காலம். ஆய்வுக்கூட எலிகளும் அதையே சொல்லின. ஹவுசர் குழு மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளிடம் போனது. அங்கேதான் பி செல்கள் மேல் சந்தேகம் வலுத்தது. சோதிக்கப் பணம் கேட்டால், நடக்கிற கதையா என்று கைவிரித்தார்கள்.

அப்புறம் எப்படியோ பி செல்களை ஒழிக்கும் ரிட்டக்சிமாப் மருந்தை 104 நோயாளிகளிடம் பரிசோதித்து, 2008ல் முடிவு வெளியானது. மூளையில் புதிய அழற்சிப் புள்ளிகள் கிட்டத்தட்ட நின்றேபோயின. இதில் எனக்குப் பிடித்தது வேறு: பி செல்கள் சுரக்கவைக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம்தான் காரணம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் ஆன்டிபாடி அளவு குறைவதற்கு முன்பே பலன் தெரிந்துவிட்டது. ஆளைச் சரியாகப் பிடித்தார்கள், குற்றச்சாட்டுதான் பாதி தப்பு!

அதன் தொடர்ச்சியாக வந்த, அதேபோல் பி செல்களைக் குறிவைக்கும் ஓக்ரலிசுமாப் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2017 மார்ச்சில். 2025ல் ஹவுசருக்கு பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசு. கூடவே பெற்றவர் ஆல்பர்டோ அஷெரியோ, இதே நோய்க்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர். அவர் கதைக்குத் தனிப் பதிவே வேண்டும்.